கைப்பேசித் திரையை மாற்றினீர்களா? கடையிலேயே பத்து நிமிடம் நில்லுங்கள்!



வானொலியில் வேலை செய்கிறவர்களுக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஒலிபரப்பில் ஐந்து வினாடி சத்தமே இல்லாமல் போனால் போதும், நிலையத்தில் எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவோம். அப்படிப்பட்ட எனக்கு, சொந்த வீட்டில் மூன்று வாரமாக ஒரு குரல் குறைந்துகொண்டே வந்தது தெரியவில்லை.

அம்மா ஈப்போவில் தனியாக இருக்கிறார். அப்பா தவறி நான்கு வருடம் ஆகிறது. என் மாலை நிகழ்ச்சி எட்டு மணிக்கு முடியும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால், சரியாக ஒன்பது மணிக்கு அம்மாவின் அழைப்பு வரும். "ஏன் பாப்பா, இன்னைக்கு அந்தப் பாட்டைப் பாதியிலயே நிறுத்திட்ட?" என்று விமர்சனத்தில் தொடங்கி, "ராத்திரிக்கு என்ன சாப்பிட்ட?" என்று விசாரணையில் முடியும்.

அந்த ஒன்பது மணி அழைப்பு திடீரென்று நின்றது. நானே அழைத்தால் பேசுவார், ஆனால் சுருக்கமாக. ஒவ்வொரு முறையும் முடிக்கும்போது, "சரிம்மா, நீயே வச்சிரு" என்பார். கோயில் வேலை, உறவுக்காரர் கல்யாணம் என்று அம்மா ஏதோ அலைச்சலில் இருக்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

ஓர் இரவு பேசி முடிக்கும் நேரத்தில் வாசலில் சாப்பாடு கொண்டு வந்தவர் மணி அடித்தார். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. காதில் வைத்தேன். அந்தப் பக்கம் கண்ணாடியை விரலால் தட்டும் சத்தம். கூடவே அம்மாவின் முணுமுணுப்பு: "எங்க போச்சு அந்தச் சிவப்பு... முருகா, எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

அன்றுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. மாதத் தொடக்கத்தில் கைப்பேசி சந்தையில் விழுந்து கண்ணாடி வெடித்துவிட்டது. தாமானில் இருக்கும் ஒரு கடையில் 180 வெள்ளிக்குத் திரை மாற்றிக் கொடுத்தார்கள். படம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால், அன்றிலிருந்து காதில் வைத்துப் பேசினால் திரை கறுத்துப்போகும். காதை விட்டு எடுத்தாலும் வெளிச்சம் வராது. அழைப்பைத் துண்டிக்கவே முடியாது. இரண்டு முறை உறவுக்காரர் வீட்டு அழைப்பு அப்படியே ஓடிக்கொண்டிருந்து சங்கடமாகிவிட்டது. அதனால் அம்மா யாரையும் அழைப்பதையே விட்டுவிட்டார். விரல் ரேகையும் திறக்கவில்லையாம்.

"கடையில போய்ச் சொல்ல வேண்டியதுதானேம்மா?" என்றேன்.

"அவங்க நல்லாத்தான் போட்டுக் குடுத்தாங்க. எனக்குத்தான் பிடிக்கத் தெரியல. ரேகையும் பாத்திரம் தேச்சித் தேச்சி அழிஞ்சிருச்சி போல. வயசாச்சில்ல?"

இந்த வாரம் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தக் கடைசி வரிதான். கருவியில் இருந்த குறையை அம்மா தன் வயதின் குறையாக எடுத்துக்கொண்டார். நம் வீடுகளில் இப்படிச் சொல்லாமல் இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேரோ! திரை மாற்றிய பிறகு வரும் சிக்கல்களுக்குக் காரணங்கள் உண்டு. பெரும்பாலானவற்றை நாமே கண்டுபிடிக்கலாம். சிலவற்றை நாமே தீர்க்கவும் செய்யலாம்.

மாறுவது கண்ணாடி மட்டும் அல்ல

"கண்ணாடி மாத்தினேன்" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் கைப்பேசித் திரை மூன்று அடுக்குகள் ஒட்டிய ஒரு தொகுப்பு. மேலே கண்ணாடி. அதன் கீழே விரல் படும் இடத்தை உணரும் தொடு அடுக்கு. அதற்கும் கீழே படம் காட்டும் பலகம். பல கடைகளில் இந்த மூன்றையும் சேர்த்து ஒரே துண்டாகத்தான் மாற்றுவார்கள்.

அந்தப் படம் காட்டும் பலகத்தில் இரண்டு வகை உண்டு. எல்.சி.டி. வகையில் பின்னால் ஒரு விளக்கு எரியும்; அந்த வெளிச்சத்தில்தான் படம் தெரியும். ஓ.எல்.இ.டி. வகையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்துவிடும். சில ஓ.எல்.இ.டி. கைப்பேசிகளுக்கு விலை குறைந்த எல்.சி.டி. மாற்றுத் திரையும் கடைகளில் கிடைக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். வேலையில் வித்தியாசம் காட்டும்.

இந்தத் தொகுப்பு, நாடா போன்ற மெல்லிய கம்பிகளால் உள்ளே இருக்கும் தாய்ப்பலகையுடன் இணைகிறது. இணைப்பான் அரிசி மணியைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். அது சரியாக அழுந்தாவிட்டால் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. போதாக்குறைக்கு, காது கேட்கும் ஒலிபெருக்கியின் வலை, முகம் அருகில் வந்ததை அறியும் உணரி, வெளிச்சத்தை அளக்கும் உணரி எல்லாம் திரையின் மேல் விளிம்பிலேயே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. திரையைக் கழற்றி மாட்டும்போது இவற்றில் ஒன்று இடம் மாறினாலும் சிக்கல்தான்.

எந்தக் குறைக்கு என்ன காரணம்?

*திரை கறுப்பாக இருக்கிறது, ஆனால் அழைத்தால் மணி அடிக்கிறது.* அப்படியென்றால் கைப்பேசிக்கு உயிர் இருக்கிறது, திரைதான் பேசவில்லை. முதலில் வலுக்கட்டாயமாக மறுதொடக்கம் செய்யுங்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பத்து வினாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஐபோன் 8 முதல் வந்தவற்றில் ஒலி கூட்டும் பொத்தானை ஒரு தட்டு, ஒலி குறைக்கும் பொத்தானை ஒரு தட்டு, பிறகு பக்கப் பொத்தானை ஆப்பிள் சின்னம் வரும் வரை விடாமல் அழுத்த வேண்டும். அப்போதும் கறுப்புதான் என்றால், இருட்டில் டார்ச் விளக்கைச் சாய்வாகத் திரைமேல் அடித்துப் பாருங்கள். எல்.சி.டி. திரையில் மங்கலாகப் படம் தெரிந்தால், பின்விளக்கு எரியவில்லை என்று அர்த்தம். ஒன்றுமே தெரியாவிட்டால் இணைப்பான் கழன்றிருக்கலாம், அல்லது திரையே பழுதாக இருக்கலாம். எதுவானாலும் கடைக்குத்தான் போக வேண்டும்.

*தொட்டால் சில இடங்களில் மட்டும் வேலை செய்யவில்லை.* முதலில் மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். அது தடிப்பாக இருந்தாலோ, அடியில் காற்று புகுந்திருந்தாலோ விரல் சரியாகப் பதியாது. சாம்சங் கைப்பேசிகளில் டிஸ்ப்ளே அமைப்புக்குள் 'டச் சென்சிட்டிவிட்டி' என்று ஒன்று இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியிருப்பவர்கள் அதைத் திறந்து வைக்கலாம். கண்ணாடியைக் கழற்றிய பிறகும் அதே இடம் செத்துக் கிடந்தால், தொடு அடுக்கில் குறை.

*யாரும் தொடாமலேயே தானாகத் தட்டுகிறது.* நடு இரவில் கைப்பேசி தானாக யாரையாவது அழைக்கும், எதையாவது திறக்கும். பேய் அல்ல. தரமில்லாத தொடு அடுக்கு, மடங்கிய நாடா, கீழே விழுந்ததில் வளைந்துபோன சட்டம் என்று பல காரணங்கள். மின்னூட்டும்போது மட்டும் இப்படி நடந்தால், சார்ஜரை மாற்றிப் பாருங்கள். மட்டமான சார்ஜரே காரணமாக இருக்கலாம். இதில் ஓர் எச்சரிக்கை: திரை ஒரு பக்கம் மேலே எழும்பி நின்றால், பசை சரியாக ஒட்டாமல் இருக்கலாம், மின்கலம் உப்பியும் இருக்கலாம். தயவுசெய்து கையால் அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். மின்னூட்டுவதை நிறுத்திவிட்டு உடனே கடைக்குக் கொண்டு போங்கள்.

*பேசும்போது திரை கறுத்து, திரும்ப வரவில்லை.* அம்மாவுக்கு வந்தது இதுதான். காதருகே கைப்பேசியைக் கொண்டு போனால், கன்னம் பட்டு எதுவும் தட்டுப்படாமல் இருக்க ஓர் உணரி திரையை அணைத்துவிடும். காதை விட்டு எடுத்ததும் மறுபடி எரியவிடும். அந்த உணரியின் சின்னத் துளையைப் பசையோ, தூசியோ, பாதுகாப்புக் கண்ணாடியின் கறுப்பு விளிம்போ மறைத்துவிட்டால், முகம் இன்னும் அருகிலேயே இருக்கிறது என்று கைப்பேசி நினைத்துக்கொள்ளும். சரிசெய்யும் வரை ஒரு தற்காலிக வழி உண்டு. ஆண்ட்ராய்டில் அணுகல் வசதிகளிலோ, தொலைபேசிச் செயலியின் அமைப்பிலோ 'பவர் பொத்தானை அழுத்தினால் அழைப்பைத் துண்டிக்க' என்று ஒரு தெரிவு இருக்கும். அதைத் திறந்து வையுங்கள். வயதானவர்களுக்கு இந்த வசதி எப்போதுமே நல்லது.

*விரல் ரேகை ஏற்கவில்லை.* ரேகை உணரி திரைக்கு அடியில் இருக்கும் கைப்பேசி என்றால், முதலில் பழைய ரேகைப் பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். பல நேரம் அதுவே போதும். சில மாடல்களில் திரை மாற்றிய பிறகு உணரியைச் சேவை மையத்தில் மறுபடி சீரமைக்க வேண்டியிருக்கும். ஆனால், ஓ.எல்.இ.டி. இருந்த இடத்தில் எல்.சி.டி. திரையைப் போட்டிருந்தால், எத்தனை தடவை பதிந்தாலும் பயனில்லை. அடியில் இருக்கும் உணரி ஓ.எல்.இ.டி. வழியாகத்தான் விரலைப் பார்க்கும், எல்.சி.டி.யின் பின்விளக்கு அடுக்கு அதை மறைத்துவிடும்.

*கோடு, நிறம், வெளிச்சம்.* பச்சை அல்லது இளஞ்சிவப்புக் கோடு நெட்டுக்கு ஓடினால் அது பலகத்தின் குறை அல்லது இணைப்பின் குறை. எந்தச் செயலியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. வெயிலில் போனாலும் வெளிச்சம் தானாகக் கூடவில்லை என்றால், வெளிச்ச உணரி மறைக்கப்பட்டிருக்கலாம். முன்பு வழுக்கிக்கொண்டு ஓடிய படம் இப்போது இழுத்துக்கொண்டு போவதுபோலத் தெரிந்தால், 120 ஹெர்ட்ஸ் திரைக்குப் பதிலாக 60 ஹெர்ட்ஸ் திரை மாட்டப்பட்டிருக்கலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு

ஐபோனில் சில பாகங்கள் தாய்ப்பலகையோடு ஜோடி சேர்க்கப்பட்டிருக்கும். முகப்புப் பொத்தானில் ரேகை உணரி இருக்கும் பழைய மாடல்களில், அந்தப் பொத்தானைப் பழைய திரையிலிருந்து பத்திரமாகக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். வேறு பொத்தானைப் போட்டால் ரேகை வேலை செய்யாது.

இது எவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்தது தெரியுமா? 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வெளிக்கடைகளில் பழுது பார்த்த சில ஐபோன்கள் மென்பொருளைப் புதுப்பித்ததும் 'எரர் 53' என்று காட்டிவிட்டுச் செயலிழந்து போயின. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே அதற்கு ஒரு திருத்தம் வெளியிட்டது. ஆனாலும், வெளிக்கடையில் பழுது பார்த்திருந்தால் நிவாரணம் பெறும் உரிமை இல்லை என்று பயனீட்டாளர்களிடம் தவறாகச் சொன்னதற்காக, 2018இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அதே 2018இல் இன்னொன்றும் நடந்தது. ஐஓஎஸ் 11.3 வந்தவுடன், வெளித்திரை மாட்டிய சில ஐபோன் 8களில் தொடுதலே வேலை செய்யவில்லை. பிறகு வந்த 11.3.1 அதைச் சரிசெய்தது. இதிலிருந்து நமக்கு ஒரு பாடம்: திரை மாற்றிப் பல வாரம் நன்றாக ஓடிய கைப்பேசி, மென்பொருள் புதுப்பித்த மறுநாள் தகராறு செய்தால், அடுத்த புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஐபோன் 11 முதல் வந்தவற்றில் அசல் அல்லாத திரை போட்டால், அசல் திரை என உறுதிப்படுத்த முடியவில்லை என்று ஓர் அறிவிப்பு வரும். அமைப்பில் 'ஜெனரல்', அதற்குள் 'அபவுட்' போனால் பாகங்களின் விவரம் தெரியும். அந்த அறிவிப்பால் மட்டும் கைப்பேசி கெட்டுவிடாது. ஆனால் கடைக்காரர் 'அசல்' என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தால், கேள்வி கேட்க அது ஒரு சாட்சி.

ஈப்போவில் அந்தக் கடை

அந்த வார இறுதியில் கேஎல் சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினேன். அம்மாவின் கைப்பேசியைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே இரண்டு விஷயம் தெரிந்தது. மேலே ஒட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடி சற்று மேலேறி, அதன் கறுப்பு விளிம்பு உணரியை மூடியிருந்தது. விளிம்பை நகத்தால் தடவினால் திரை சட்டத்தைவிட மெல்லிசாக மேலே நின்றது.

கடையில் இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மரியாதையான பையன். பாதுகாப்புக் கண்ணாடியை உரித்தார், அம்மாவின் எண்ணிலிருந்து என்னை அழைத்தார், காதில் வைத்தார், எடுத்தார். திரை உடனே எரிந்தது. அவ்வளவுதான். மூன்று வாரத் தவிப்புக்கு மருந்து அரை நிமிடம்.

"நம்ம ஒட்டுனதுதான்க்கா, கொஞ்சம் ஏறிடுச்சி. வேற போட்டுத் தரேன், காசு வேணாம்."

"ரேகை?"

தம்பி தலையைச் சொறிந்தார். "அன்னைக்கே அம்மாகிட்ட கேட்டேன்க்கா. ஒரிஜினல் 420, காப்பி 180ன்னு. அம்மா கம்மியானதே போதும்னாங்க."

"காப்பி போட்டா ரேகை வேலை செய்யாதுன்னு சொன்னீங்களா தம்பி?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதை யாரும் கேக்க மாட்டாங்கக்கா" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கேட்பதற்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவர் சொல்லாமல் விட்டதும், கேட்கத் தெரியாதவர் கேட்காமல் போனதும் சேர்ந்துதான் இந்த மூன்று வாரம்.

மிச்சம் 240 வெள்ளி கொடுத்தால் அசல் திரை போட்டுத் தருவதாகச் சொன்னார். அம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். ஆறு இலக்க எண் போதுமாம். (பிறந்த நாளை வைக்காதீர்கள் என்று சொல்லி வேறு எண் வைக்கச் செய்தேன்.) ஆனால், கடையை விட்டு வெளியே வந்ததும் அம்மா கேட்டது வேறு.

"அப்ப என் ரேகை நல்லாத்தான் இருக்கா?"

நடைபாதையிலேயே நின்று, என் கைப்பேசியில் அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பதிந்தேன். திரையை அணைத்துவிட்டு நீட்டினேன். முதல் தொடுதலிலேயே திறந்தது. அம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அந்தப் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.

கொடுக்கும் முன், வாங்கும் முன்

ஈப்போ பயணத்தில் நான் கற்றதைப் பட்டியலாகத் தருகிறேன். வெட்டிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். புலனக் குழுவிலும் அனுப்புங்கள்.

கடையில் கொடுக்கும் முன்:

1. படங்கள், தொடர்பு எண்கள், புலன உரையாடல்களுக்குக் காப்பு நகல் எடுங்கள். திரை தெரிகிறது, தொடுதல்தான் இல்லை என்றால், பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஓ.டி.ஜி. இணைப்பி வழியாகக் கணினி மௌஸைச் செருகலாம். திரையில் அம்புக்குறி வரும்; அதை வைத்தே நகல் எடுத்துவிடலாம்.

2. கடவு எண்ணை எழுதிக் கொடுக்காதீர்கள். முடிந்தால் பக்கத்திலேயே இருந்து, தேவைப்படும்போது நீங்களே திறந்து கொடுங்கள். சில சாம்சங், பிக்சல் கைப்பேசிகளில் பழுது பார்ப்பதற்கென்றே ஒரு பாதுகாப்பு முறை உண்டு. அதைத் திறந்து வைத்தால் உங்கள் படங்களையும் செய்திகளையும் கடைக்காரரால் பார்க்க முடியாது.

3. மூன்று கேள்விகள் கேளுங்கள். போடப்போவது அசலா, மாற்றா? ஓ.எல்.இ.டி.யா, எல்.சி.டி.யா? ரேகை, முகம் அறிதல், தானியங்கி வெளிச்சம் எல்லாம் பழையபடி வேலை செய்யுமா? பதிலை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். உத்தரவாத நாட்களையும் எழுதச் சொல்லுங்கள்.

வாங்கும் முன், கடையிலேயே பத்து நிமிடம்:

1. பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டுவதற்கு முன்பே சோதனையைத் தொடங்குங்கள். ஒட்டிய பிறகு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

2. வெள்ளைப் படம் ஒன்று, கறுப்புப் படம் ஒன்று முழுத்திரையில் திறந்து பாருங்கள். புள்ளி, கோடு, ஓரத்தில் வெளிச்சக் கசிவு தெரிகிறதா?

3. ஏதாவது ஒரு செயலியின் சின்னத்தை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் திரை முழுவதும் கோலம் போடுவதுபோல இழுங்கள். எங்காவது நழுவினால் அந்த இடத்தில் தொடுதல் இல்லை. பல சாம்சங் கைப்பேசிகளில் அழைக்கும் இடத்தில் *#0*# என்று அழுத்தினால் சோதனைப் பட்டியலே வரும்.

4. ஓர் அழைப்பு செய்யுங்கள். காதில் வைத்தால் அணைய வேண்டும். எடுத்தால் எரிய வேண்டும். எதிர்முனைக் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். மங்கலாகக் கேட்டால் ஒலி வலையைப் பசை அடைத்திருக்கலாம்.

5. ரேகை, முகம், முன் கேமரா, தானியங்கி வெளிச்சம் ஆகிய நான்கையும் பாருங்கள்.

6. விளிம்பு நெடுக நகத்தால் தடவுங்கள். எழும்பி நிற்கக் கூடாது.

இன்னொன்று: ஒருமுறை திறந்து ஒட்டிய கைப்பேசிக்குப் பழைய நீர்ப்புகாத் தன்மை அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள். ஐபி68 என்று பெட்டியில் போட்டிருந்தாலும், இனி நீச்சல் குளத்துக்குக் கொண்டு போக வேண்டாம்.

கேட்பது நம் உரிமை

நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டும் அல்ல, சேவைக்கும் பொருந்தும். பழுது பார்ப்பவர் போதிய கவனத்துடனும் திறமையுடனும் வேலை செய்ய வேண்டும் என்பது சட்டம் தரும் உத்தரவாதம். ஆகவே, முதலில் ரசீதுடன் கடைக்குப் போய் நிதானமாகச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், பெரும்பாலானோர் சரிசெய்து தரவே விரும்புவார்கள்.

கடைக்காரர் கைவிரித்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரல்களை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நாமே பேச வேண்டும். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும். 180 வெள்ளிக்காகவா என்று யோசிக்காதீர்கள். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது சின்னத் தொகை அல்ல.

ஆனால், இந்த வாரம் நான் உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்ன வேலை. இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ பாட்டியோ, அவர்கள் கைப்பேசியை ஐந்து நிமிடம் வாங்கிப் பாருங்கள். "சரியா வேலை செய்யுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் பதில் வரும். "எனக்கு ஒரு கால் பண்ணுங்க, பேசிட்டு நீங்களே வைங்க பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அது அவர்களுடைய குறை அல்ல என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

நேற்று ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது. நிகழ்ச்சியில் நான் ஓர் ஊர்ப் பெயரைத் தவறாக உச்சரித்துவிட்டேனாம். பத்து நிமிடம் பாடம் நடந்தது. முடிவில் நான் பழக்கத்தில், "சரிம்மா, வைக்கட்டுமா?" என்றேன்.

"இரு, நான் வைக்கிறேன்" என்றார் அம்மா.

அடுத்த வாரம் சந்திப்போம் அன்பர்களே.